வெயிலா, மேகமா? புளூகில் மீன் பிடிக்கக் கிளம்பும் முன் வானத்தைப் பாருங்கள்

சிகாகோ பக்கம் குடிவந்த முதல் கோடை. ஜூன் மாத உச்சி வெயிலில் ஓர் ஏரிக்கரையில் நின்று இரண்டு மணி நேரம் தூண்டிலை நடு ஏரிக்கு வீசிக்கொண்டே இருந்தேன், ஒன்றும் சிக்கவில்லை. பத்தடி தள்ளி எட்டு வயதுப் பையன் ஒருவன் படகுத்துறைப் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, பலகை இடுக்கு வழியாகத் தூண்டில் நரம்பை நேராகக் கீழே இறக்கி, வரிசையாக மீன் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் நிழலில் இறக்கினான், நான் வெயிலில் வீசினேன், அவ்வளவுதான்.

புளூகில் தெரியாதவர்களுக்கு: பார்க்கக் கொஞ்சம் ஜிலேபிக் கெண்டை மாதிரி, உள்ளங்கை அகலத்தில் தட்டையாக இருக்கும், செவுள் மூடியின் நுனியில் கருப்புப் பொட்டு. இல்லினாய் மாநிலத்தின் மீன் இதுதான். (1960இல் சிகாகோ மேயர் ஜப்பான் பட்டத்து இளவரசர் அகிஹிதோவுக்கு இதைப் பரிசாகக் கொடுக்க, அது அங்கே பல்கிப் பெருகி உள்ளூர் மீன்களுக்கு எமனாகி, 2007இல் அப்போது பேரரசராக இருந்த அகிஹிதோவே வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு கெட்டி உயிர்.)

1. சாமான். மாநில மீன்பிடி லைசென்ஸ் முதலில். அப்புறம் நான்கு பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு, 8 அல்லது 10ஆம் நம்பர் முள், சின்னத் தக்கை, ஓர் ஈயக்குண்டு. வாய் ரொம்பச் சின்னது என்பதால் மண்புழுவை முழுசாகக் கோர்க்காதீர்கள், வாலை மட்டும் உருவித் தின்றுவிட்டுப் போய்விடும். அரை அங்குலத் துண்டு போதும்.

2. வானத்துக்கு முன்னால் காலண்டர். புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். ஏப்ரல் வெயிலும் ஜூலை வெயிலும் ஒன்றல்ல. ஏப்ரலில் தண்ணீர் இன்னும் குளிர்ந்து கிடக்கும், மீன் வெயிலைத் தேடித்தான் வரும். சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் ஏரியின் வடக்குக் கரையில்தான் வெயில் நன்றாக விழும், அங்கே கருஞ்சேறு படிந்த ஆழமில்லாத மூலை இருந்தால் அதுதான் முதலில் சூடாகும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயில் அடித்த பிறகு, மதியம் தாண்டிப் போங்கள், அதிகாலையில் எழுந்து ஓடத் தேவையில்லை. தண்ணீர் 20 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் கரையோரம் வட்ட வட்டமாகக் குழி பறித்து முட்டையிடத் தொடங்கும். அந்த நேரத்தில் குழியைக் காக்கிற ஆண் மீனைப் பிடித்தால் உடனே அங்கேயே விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் முட்டையை மற்ற மீன்கள் காலி செய்துவிடும்.

3. கோடையில் பளிச்சென்ற வெயில். மீனுக்குக் கண்ணிமை கிடையாது, மேலே பறக்கும் கொக்குக்கும் கீழே திரியும் பாஸ் மீனுக்கும் பயம் வேறு. நிழலுக்குள் நின்றால் வெளியே வெளிச்சத்தில் இருப்பது அதற்குத் தெரியும், அது மற்றவர் கண்ணுக்குச் சட்டென்று படாது. அதனால் படகுத்துறை, அல்லி இலை, நீரில் சாய்ந்த மரம் என்று ஒதுங்கிவிடும், இல்லையென்றால் பாசி முடிகிற ஓரத்தில் ஆழத்துக்கு இறங்கிவிடும். இது கெட்ட நாள் என்பார்கள், எனக்கென்னவோ கற்றுக்கொள்ள இதுதான் நல்ல நாள், ஏரி முழுக்கத் தேட வேண்டாமே. தக்கையிலிருந்து முள்ளுக்கு மூன்றடி விட்டு, நிழல் வெயிலோடு முட்டுகிற கோட்டை ஒட்டிப் போடுங்கள். கடி இல்லையென்றால் ஓரடி கூட்டுங்கள். முக்கியமாக உங்கள் நிழல் தண்ணீரில் விழக் கூடாது, வெயில் முகத்தில் அடிக்கிற மாதிரி நில்லுங்கள். தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி இருந்தால் மீன் நிற்பதே தெரியும்.

4. மேகமூட்டம். இப்போது நிழலுக்கும் வெளிக்கும் வித்தியாசம் இல்லை, மீன் பரவிவிடும், பகல் முழுக்க மேயும். கடி அதிகம், ஆனால் நடக்க வேண்டும். ஆழத்தை இரண்டடிக்குக் குறைத்து, ஓரிடத்தில் ஐந்து நிமிடம் பாருங்கள், அசையவில்லையா, இருபதடி நகருங்கள். ஒன்று சிக்கினால் அங்கேயே நில்லுங்கள், கூட்டமாகத் திரிகிற மீன் இது. மேகத்துக்கு இந்த நிறம், வெயிலுக்கு அந்த நிறம் என்று கடையில் செயற்கை இரை காட்டுவார்கள், மண்புழு போடுகிறவருக்கு அந்தக் கவலையே இல்லை.

5. மழைக்கு மறுநாள். புயல் கடந்து, வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக, வடமேற்குக் காற்று சில்லென்று அடிக்கும் நாள். வெளியே போக ஆசை வரும், மீனோ வாயைத் திறக்காது. ஆழமாக, இன்னும் சின்னத் துண்டாக, அசைக்காமல் வைத்திருங்கள். தக்கை முங்காது, லேசாக ஒரு பக்கம் சாயும், அதுதான் கடி.

மீன் வந்ததும் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவி முதுகு முள்ளைப் படுக்க வைத்துப் பிடியுங்கள், நேராகப் பிடித்தால் குத்தும்.

மேகம் கறுத்து இடி கேட்டதா, தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு காருக்குள் போங்கள், கிராஃபைட் தூண்டில் கோல் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்து இறங்கினால் போதும்.