வெட்டுத்துணியில் 14ஆம் நூற்றாண்டு பட்டன்

14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து உடுப்பு தைக்கிறீர்களா? கடையில் வாங்கும் நாலு ஓட்டை பிளாஸ்டிக் பட்டனை வைத்தால் மொத்த உழைப்பும் வீண். லண்டனில் அகழ்ந்தெடுத்த அந்தக் காலத்துக் கம்பளித் துணிகளில் துணியையே உருட்டித் தைத்த குட்டிப் பட்டன்கள் கிடைத்திருக்கின்றன, அதற்கு வெட்டி மிஞ்சிய துண்டே போதும்.

கொஞ்சம் தடித்த, நூல் பிரியாத கம்பளித் துணியில் 3 செ.மீ. வட்டம் வெட்டுங்கள். வட்டம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. லினன் நூலை இரட்டையாகக் கோத்து, தேன்மெழுகில் ஒரு இழு இழுத்துவிட்டு, ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே சுற்றிலும் ஓட்டுத்தையல் (ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போகும் சாதாரணத் தையல்) போட்டு இழுத்தால் சுருக்குப்பை மாதிரி குவியும். இப்போதுதான் முக்கியமான வேலை: பிசிறு ஓரத்தை ஊசி முனையால் உள்ளே குத்தித் தள்ளுங்கள், உள்ளே அடைக்கப் பஞ்செல்லாம் வேண்டாம், அந்த ஓரமே அடைப்பாகிவிடும். அப்புறம் அடிப்பக்கத்தில் எதிரெதிராகக் குத்தி இறுக்கிக்கொண்டே போனால் சுண்டைக்காய் போல கெட்டியாக உருளும். நசுக்கினால் அமுங்குகிறதா? இன்னும் நாலு தையல் போடுங்கள். நான் முதலில் பருத்தித் துணியில் செய்து பார்த்தேன், தொளதொளவென்று வந்தது.

நூலை வெட்டிவிடாதீர்கள், அதை வைத்தே உடுப்பில் தைத்துவிடலாம். தைக்கும் இடம் இன்றைய சட்டை போல உள்ளே தள்ளி இல்லை, துணியின் விளிம்பிலேயே, பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் சின்ன நூல் காம்பு விட்டு. கை நெடுக நெருக்கமாக வைப்பார்கள், அதனால் ஒரு டஜன் கூடுதலாகவே செய்து வையுங்கள்.