ஆர்.வி.யில் கார்ப்பெட்டை எடுத்துவிட்டு வினைல் பலகை பதித்த அனுபவம்

எங்கள் ஆர்.வி.யின் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வசதியுள்ள வண்டி) கார்ப்பெட், எவ்வளவு சுத்தம் செய்தாலும் ஈரவாடை போகாத நிலைக்கு வந்துவிட்டதால், அதை அகற்றி வினைல் பலகை பதிக்க முடிவு செய்தேன். கார்ப்பெட்டைக் கத்தியால் பட்டை பட்டையாக அறுத்துச் சுருட்டுவது எளிது. அடியில் இருக்கும் ஸ்டேப்பிள் பின்களைப் பிடுங்குவதுதான் பெரும்பாடு. ஒரு பின் நீட்டிக்கொண்டிருந்தாலும் மெல்லிய வினைலில் நாளடைவில் புடைத்துத் தெரியும் என்பதால், பெயிண்ட் சுரண்டும் தகட்டைத் தரையோடு சாய்த்து ஓட்டி, தட்டுப்பட்ட இடத்திலெல்லாம் குறடால் பிடுங்கினேன். அலமாரிகளுக்கு அடியில் சிக்கியிருந்த ஓரங்களை இழுக்காமல் ஒட்ட நறுக்கிவிட்டேன். கதவருகே பிளைவுட் ஊறி மெத்தென்றிருந்தது. அந்தத் துண்டை மாற்றியதோடு, நீர் கசிந்த கதவுச் சட்டத்தின் சீலன்டையும் புதுப்பித்தேன்.

யோசிக்க வைத்தது ஸ்லைடு-அவுட்தான், அதாவது வண்டியை நிறுத்தியபின் உள்ளே இடம் கூடுவதற்காக வெளியே தள்ளப்படும் அறைப்பகுதி. அது உள்ளே வரும்போது தரையை ஒட்டியே நகர்கிறது. கார்ப்பெட் அமுங்கிக் கொடுக்கும், பலகை கொடுக்காது. அந்த இடைவெளியை அளந்து பார்த்த பிறகு, பசையில்லாமல் ஒன்றோடொன்று மாட்டிப் பதிக்கும் 5 மி.மீ. கிளிக் பலகையை விட்டுவிட்டு, பசையால் ஒட்டும் 2 மி.மீ. பலகையை வாங்கினேன். கிளிக் பலகை வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்க ஓரங்களில் இடம் கேட்கும். கனமான அலமாரி அதன்மேல் அழுத்தினால் நடுவில் எழும்பிவிடும். ஒட்டும் பலகைக்கு அந்தத் தொல்லை குறைவு, எடையும் குறைவு. ஆனால் பிளைவுட் இணைப்புகளைப் பட்டி பூசிச் சமப்படுத்தாவிட்டால் ஒவ்வொரு மேடும் மேலே தெரியும். வெட்டுவதற்கு ரம்பம் தேவைப்படவில்லை: கத்தியால் ஆழமாகக் கீறி மடித்தால் பலகை நேராக உடைகிறது. சக்கர வளைவுக்கு மட்டும் அட்டையில் மாதிரி வெட்டிக்கொண்டேன். ஸ்லைடு-அவுட் வந்து நிற்கும் விளிம்பில், உரசாத அளவுக்குத் தாழ்வான அலுமினியப் பட்டையைத் திருகினேன்.