டேட்டாபேஸிடமே கேளுங்கள்: பைத்தான் வழியாக சிஸ்டம் டேபிள்கள்

தேக்கா பக்கம் ஒரு மளிகைக் கடையின் பில்லிங் மென்பொருள் உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர் போய்விட்டார், குறிப்பு எதுவும் இல்லை. சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 2023-இல் 8, 2024-இல் 9 சதவீதம் என்று அடுத்தடுத்து ஏறியது. மறுபடி மாறினால் எந்தெந்த டேபிளைத் தொட வேண்டும்? ஊகிக்க வேண்டாம். அந்த மென்பொருளின் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்றால், அது தன் டேபிள்களைப் பற்றிய விவரத்தையும் டேபிளாகவே காட்டும்.

முதலில் பைத்தானை போஸ்ட்கிரெஸுடன் இணைக்கும் 'சைக்கோபிஜி2' (psycopg2) டிரைவரை, பைத்தானின் நிறுவல் கருவியான பிப் மூலம் நிறுவுங்கள். கனெக்ட் ஃபங்ஷனுக்கு ஹோஸ்ட், போர்ட் (வழக்கமாக 5432), டேட்டாபேஸ் பெயர், யூசர், பாஸ்வேர்டு கொடுங்கள். பாஸ்வேர்டை கோடுக்குள் எழுதாதீர்கள்.

அப்புறம் கேள்வியை அனுப்பி விடையை வாங்கித் தரும் கர்சர் ஒன்றைத் திறந்து, எக்ஸிக்யூட்டில் இந்தக் கேள்வியைக் கொடுங்கள். ஒலிப்பைத்தான் தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டச்சு ஆங்கில எழுத்தில் ('காலம்' என்பது column, அதாவது நெடுவரிசை):

செலெக்ட் டேபிள்_நேம், காலம்_நேம், டேட்டா_டைப்
ஃப்ரம் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.காலம்ஸ்
வேர் டேபிள்_ஸ்கீமா = 'பப்ளிக்'
அண்ட் காலம்_நேம் ஐலைக் %எஸ்

கடைசியில் உள்ள %எஸ் வெறும் இடம்பிடிப்பான். அதற்கான மதிப்பு '%ஜிஎஸ்டி%' (முன்னும் பின்னும் எது இருந்தாலும் சரி என்பதே இங்கே % குறி), எக்ஸிக்யூட்டின் இரண்டாவது ஆர்கியூமென்ட்டாக ஒரு டியூப்பிளில், அதாவது அடைப்புக்குறிக்குள் எழுதும் மதிப்புத் தொகுப்பில் போகிறது. ஒரே மதிப்பு என்றாலும் அதன் பின்னால் கமா கட்டாயம். கமா விட்டுப்போனால் பைத்தான் அதை வெறும் சரமாக எடுத்துக்கொள்ளும், பிழைதான் வரும். லைக் போதாதா என்றால், சிலர் நெடுவரிசைப் பெயரை மேற்கோள் குறிக்குள் பெரிய எழுத்தில் வைத்திருப்பார்கள். லைக் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கும், ஐலைக் இரண்டையும் பிடித்துவிடும். ஸ்கீமா என்பது டேபிள்களின் ஒரு தொகுதி, பப்ளிக் ஸ்கீமா என்ற வரி இல்லாவிட்டால் போஸ்ட்கிரெஸின் சொந்த டேபிள்களும் தேடலுக்குள் வந்துவிடும்.

சரி, எல்லா விடை வரிகளையும் எடுத்துத் தரும் ஃபெட்ச்ஆல் கூப்பிட்டால் பட்டியல் கையில். காலியாக வந்தால்? உடனே 'ஜிஎஸ்டி நெடுவரிசையே இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். இன்ஃபர்மேஷன் ஸ்கீமா உங்கள் யூசருக்கு அனுமதி உள்ளவற்றை மட்டுமே காட்டும். இந்த ஒரு விஷயத்தை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது, இல்லையென்றால் இல்லாத பிழையைத் தேடி அலைய நேரிடும். போஸ்ட்கிரெஸின் சொந்த டேபிள்கள் இருக்கும் பிஜி_கேட்டலாக்கில் உள்ள பிஜி_கிளாஸைக் கேட்டுப் பாருங்கள். அனுமதி இல்லாத டேபிள்களின் பெயரும் அதில் இருக்கும். அங்கே ரெல்கைண்ட் என்ற நெடுவரிசையில் 'ஆர்' என்றால் சாதாரண டேபிள், 'வி' என்றால் வியூ, அதாவது சேமித்து வைத்த கேள்வி.

ஒரு கேள்வி பிழையானால் அதே கனெக்ஷனில் அடுத்த கேள்வியும் மறுக்கப்படும், டிரான்ஸாக்ஷன், அதாவது ஒன்றாகச் சேர்த்துச் செய்யும் கேள்விகளின் தொகுப்பு, முறிந்து நிற்பதுதான் காரணம். அதை ரத்து செய்யும் ரோல்பேக் கூப்பிட்டுவிட்டுத் தொடருங்கள்.

வேறு டேட்டாபேஸ்களான மைஎஸ்கியூஎல்லிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமா உண்டு, ஐலைக்குக்குப் பதில் லைக் போடுங்கள். எஸ்கியூலைட்டில் அது கிடையாது, அங்கே எஸ்கியூலைட்_மாஸ்டரைக் கேளுங்கள்.