டோஸ்ட்டில் வெண்ணெய் தடவாதீர்கள்

'ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ'வை முதல் தடவை லேப்டாப்பில், தனியாக, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். பாதியிலேயே தூங்கிவிட்டேன். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். 1975-இல் சுமார் 14 லட்சம் டாலரில் எடுத்த படம், வந்தபோது ஓடவில்லை. மறு வருடம் நியூயார்க்கின் வேவர்லி தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்ட பிறகுதான் பிழைத்தது. மியூனிக்கின் மியூசியம் லிஷ்ட்ஷ்பீலே தியேட்டரில் 1977 முதல் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் ஒழுங்காகப் பார்த்தது அங்கேதான்.

கதையைப் படித்துவிட்டுப் போக வேண்டாம். கல்யாணம் நிச்சயமான பிராட்-ஜேனட் ஜோடியின் கார் மழையில் பஞ்சராகிறது. உதவி கேட்டுப் போன மாளிகையில், கார்செட் போட்ட விஞ்ஞானி ஒருவர் ஆணழகன் ஒருவனைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவு போதும்.

இந்தப் படத்தைத் தியேட்டரில் சும்மா உட்கார்ந்து பார்ப்பதில்லை. திரையில் நடப்பதற்கு ஏற்பப் பொருள்களை எறிவார்கள், வசனத்துக்குப் பதில் கத்துவார்கள். அதற்காகப் பையில் ஒரு பிடி அரிசி, பழைய நியூஸ்பேப்பர், டாய்லெட் பேப்பர், டோஸ்ட். அரிசியையும் தண்ணீரையும் பல தியேட்டர்களில் விடுவதில்லை. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஆரம்பத்தில் வரும் கல்யாணத்துக்கு அரிசி (அட்சதை போட்டுப் பழகிய கை நமக்கு, குறி தப்பாது). ஜேனட் மழையில் பேப்பரைத் தலைக்குப் பிடிக்கும்போது நீங்களும் பிடியுங்கள். சும்மா இல்லை, பின்வரிசையில் வாட்டர் கன் இருக்கும். "கிரேட் ஸ்காட்!" என்று பிராட் கத்தினால் டாய்லெட் பேப்பர் பறக்க வேண்டும், ஸ்காட் என்பது அந்தப் பேப்பரின் பிராண்டும்கூட.

அப்புறம் கத்துவது. கதைசொல்லியாக வரும் சார்லஸ் கிரே வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். வீட்டில் எனக்குக் கொட்டாவி வந்த இடங்கள் எல்லாம் இவைதான். தியேட்டரில் அந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் யாராவது ஒரு பதில் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். காலியாக விட்ட இடமே நமக்காகத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. பிராட் பெயருக்கு ஒரு கெட்ட வார்த்தை, ஜேனட் பெயருக்கு இன்னொன்று. பக்கத்து சீட்டில் கேட்டால் ஆசையாகச் சொல்லித் தருவார்கள். முதல் தடவை என்று மட்டும் உளறிவிடாதீர்கள். கன்னத்தில் லிப்ஸ்டிக்கால் 'வி' (வர்ஜின், அதாவது முதல் தடவை வந்தவர்) எழுதி மேடையேற்றினாலும் ஏற்றுவார்கள்.

டோஸ்ட்டை எறிவது எப்போது? சாப்பாட்டு மேஜையில் விஞ்ஞானி கிளாஸைத் தூக்கி 'டோஸ்ட்' என்றதும். வறுத்ததாக, காய்ந்ததாக இருக்கட்டும். நான் வெண்ணெய் தடவியதைக் கொண்டுபோயிருந்தேன். அது முன்வரிசை ஆளின் வெறும் தோளில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் நிதானமாக எடுத்தார், ஒரு கடி கடித்தார், மிச்சத்தைத் திரைமேல் எறிந்தார்.