தனியாக சேலம் வந்தீர்களா? சேர்வராயன் மலைக் காட்டில் நடக்கத் துணை தேடும் முறை

சென்னையிலிருந்து இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்குள் சேலம் ஜங்ஷனில் இறங்கிவிடலாம். புதிய பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் சேர்வராயன் மலைமேல் இருப்பீர்கள். அதுவரைக்கும் யார் துணையும் வேண்டாம். காட்டுப் பாதையில் கால் வைக்கத்தான் ஆள் வேண்டும்.

இங்கே காட்டெருமை உண்டு. காபி எஸ்டேட்டை ஒட்டிய தடங்கள் அடிக்கடி கிளை பிரியும். பள்ளத்தில் இறங்கினால் செல்போன் சிக்னல் போய்விடும். என் கணக்குக்குக் குறைந்தது நான்கு பேர் வேண்டும்: அடிபட்டவர் ஒருவர், அவர் பக்கத்தில் இருக்க ஒருவர், உதவிக்கு ஆள் கூட்டிவர இருவர்.

படி 1: முதலில் பாதை, அப்புறம் ஆள்

"ஏற்காட்டில் ட்ரெக்கிங், யார் வருகிறீர்கள்?" என்று பொதுவாகக் கேட்டால் ஏரியில் படகு விட வந்தவரும் சரி என்பார். எந்தப் பாதை என்று முடிவு செய்துவிட்டுக் கேளுங்கள்.

புதிதாக நடப்பவர்களுக்கு நான் சொல்வது ஒரே வழிதான். வனத்துறை 2024-இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகள் இருக்கின்றன. சேலம் பக்கம் குண்டூர், கொண்டப்பநாயக்கன்பட்டி–குண்டூர், நகலூர்–சன்னியாசிமலை ஆகியவை உண்டு. இணையத்தில் பதிவு செய்தால் அனுமதியும் கிடைக்கும், காடு தெரிந்த வழிகாட்டியும் கூட வருவார். கொண்டப்பநாயக்கன்பட்டிப் பாதை அடிவாரத்திலிருந்தே ஏறுவது. மூச்சு நன்றாக வாங்கும்.

அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் (வனத்துறை பாதுகாக்கும் காடு) கூட்டிப்போகிறேன் என்பவரோடு போகவே போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்ததே அதற்குப் பிறகுதான். தீ பரவும் காலத்தில், பெரும்பாலும் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, பாதைகளை மூடிவிடுவார்கள். தேதி குறிக்கும் முன் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: கேட்க வேண்டிய விதத்தில் கேளுங்கள்

தங்கியிருக்கும் விடுதி, சேலத்து நடைக் குழு, சைக்கிள் குழு, நண்பரின் நண்பர் என்று எங்கே கேட்டாலும் செய்தி இப்படித் தெளிவாக இருக்கட்டும்:

"வரும் ஞாயிறு, குண்டூர் பாதை. வனத்துறையில் பதிவு செய்து போகிறோம். காலையில் சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் கூடுகிறோம். ஏற்றம் உண்டு. மது, சிகரெட் கிடையாது. செலவைச் சமமாகப் பிரிப்போம். இருவர் இருக்கிறோம், இன்னும் இருவர் தேவை."

மது கிடையாது என்ற ஒரு வரியே பாதிப் பேரை வடிகட்டிவிடும். அது நல்லதுதான். நீங்கள் பெண்ணாக இருந்தால், இன்னொரு பெண் உறுதியாக வருகிறார் என்று அவரிடமே போனில் பேசித் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

படி 3: காட்டுக்கு முன் சாலையில் நடந்து பாருங்கள்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முந்தைய நாளே ஏற்காட்டில் கூடி, ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில் வரை சாலையிலேயே நடந்து போங்கள். 1,600 மீட்டருக்குச் சற்று மேலே குகைக்குள் இருக்கும் கோயில் அது. ஏற்றமும் இருக்கிறது, நடுவில் முடியாதவர் வண்டி பிடித்துத் திரும்பவும் முடியும்.

நடக்கும்போது கவனியுங்கள். பின்தங்கியவருக்காக யார் நிற்கிறார்? பிஸ்கட் கவரை யார் பையில் போட்டுக்கொள்கிறார்? சத்தமாகப் பாட்டு வைக்காமல் யாரால் வர முடிகிறது? ஆஸ்துமா, முட்டிவலி, மாத்திரை பற்றியெல்லாம் அப்போதே பேசிவிடுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: "பாதி வழியில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் என்ன செய்யலாம்?" "எல்லோரும் திரும்பிவிடலாம்" என்பவர் முதல்முறை நடப்பவராக இருந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். "அவர் அங்கேயே உட்காரட்டும், நாம் போய் வரலாம்" என்பவர் எத்தனை மலை ஏறியவராக இருந்தாலும் வேண்டாம்.

படி 4: கிளம்பும் முன்

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், டார்ச், அடையாள அட்டை. மழைக்காலம் என்றால் அட்டைப்பூச்சிக்குக் கொஞ்சம் உப்பு. எல்லோருடைய வீட்டு போன் எண்ணும் எல்லோரிடமும் இருக்கட்டும். பாதையின் பெயர், திரும்பும் நேரம் இரண்டையும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

படி 5: பாதையில்

முன்னால் வழிகாட்டி, அவருக்கு அடுத்து மெதுவாக நடப்பவர், கடைசியில் நன்றாக நடக்கக்கூடியவர். பாதை பிரியும் இடம் ஒவ்வொன்றிலும் கடைசி ஆள் வரும்வரை நில்லுங்கள். காட்டெருமையைப் பார்த்தால் போட்டோவுக்காக நெருங்காமல் அசையாது நின்று, வழிகாட்டி சைகை காட்டும்வரை காத்திருங்கள். அவர் திரும்பச் சொன்னால் பேரம் பேசாமல் திரும்புங்கள்.

இறங்கியதும் முதல் டீக்கடையிலேயே கணக்கு முடித்துவிடுங்கள். ஊருக்குப் போனபின் பணம் கேட்பது எல்லோருக்கும் சங்கடம். சேலம் இறங்கக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே ஏற்காடு பஸ் நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.