கூற்றை மறைத்தேன், வகுப்பு பேசத் தொடங்கியது

சங்கப் பாடல் என்றாலே மாணவர்கள் உரைநூலைப் பிரித்துப் பொழிப்புரையை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். பாடலைப் படிப்பதே இல்லை. இதை மாற்றியது ஒரு சின்ன வேலைதான்: குறுந்தொகைப் பாடலைத் தாளில் அச்சிடும்போது 'தோழி கூற்று', 'தலைவி கூற்று' என்று பேசுபவர் யாரெனச் சொல்லும் குறிப்பையும் உரையையும் நீக்கிவிட்டேன்.

குழுவாக உட்கார்ந்து அவர்களே கண்டுபிடிக்க வேண்டும்: பேசுவது யார், யாரிடம், இப்போது ஏன்? காதலைப் பாடும் அகப்பாடலில் காதலர்களின் பெயர் வராது என்பதால் விடையைப் பாடலுக்குள்தான் தேட வேண்டும். 'தோழி', 'அன்னாய்' போன்ற விளியோ, மலையோ கடலோ, ஒரு பூவோ, எதையாவது சான்றாகக் காட்டியே ஆக வேண்டும். சும்மா ஊகம் செல்லாது. ஒரு குழு தலைவி என்றும் இன்னொன்று தோழி என்றும் வாதாடும்போது, அடிகளைத் திரும்பத் திரும்ப அவர்களே படிக்கிறார்கள். எனக்கு அந்தச் சத்தம் அவ்வளவு பிடிக்கும்! இரண்டுக்கும் சான்று இருந்தால் இரண்டையும் ஏற்றுக்கொள்வேன்.

குறுந்தொகை இதற்கு வசதி. பெரும்பாலும் 4 முதல் 8 அடிக்குள் முடிந்துவிடும். ஆனால் சொற்களைப் பிரித்தே கொடுங்கள். சொற்கள் சேர்ந்து திரிந்த வடிவிலேயே கொடுத்தால் நன்றாகப் படிப்பவர்கள்கூட முதல் அடியிலேயே நின்றுவிடுகிறார்கள். அரிய சொற்களுக்கு மட்டும் ஓரத்தில் பொருள் போதும்.

அப்புறம், பாடலில் அந்தப் பேச்சைக் கேட்டவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று இன்றைய தமிழில் எழுதச் சொல்வேன். வாட்ஸ்அப் குரல் செய்தியாகப் பேசியும் தரலாம். எழுதத் தயங்கும் பிள்ளைகள் இதில்தான் முதலில் வாய் திறக்கிறார்கள். பொழிப்புரையைக் கடைசியில்தான் கொடுக்கிறேன். தங்கள் விடையோடு ஒப்பிட்டு அதையும் கவனமாகப் படிக்கிறார்கள்.