இத்தாலியத் திகில் படங்கள்: புதிதாகப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊர் ஃபிலிம் சொசைட்டியில் அவ்வப்போது ஒரு வார இறுதியைப் பழைய இத்தாலியத் திகில் படங்களுக்கென்று ஒதுக்குகிறோம். புரொஜெக்டர், ஸ்பீக்கர், எந்தப் பிரிண்ட்டைப் போடுவது என்ற முடிவு எல்லாம் என் பொறுப்பு. படம் முடிந்ததும் நாலைந்து இளைஞர்கள் ஆர்வமாக வந்து பெயர்களைக் குறித்துக்கொண்டு போவார்கள். அடுத்த கூட்டத்தில் பார்த்தால் முகம் வாடியிருக்கும். "வாய் அசைவே பொருந்தலை", "கதை துண்டு துண்டா இருக்கு", "மியூசிக் மட்டும்தான் தேறும்" என்பார்கள். ஒரு காலத்தில் நாங்கள் எல்லோரும் தடுக்கி விழுந்த அதே இடங்கள். பொறுமையாகப் பாருங்கள், போனை அணைத்துவிடுங்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

இத்தாலிய மொழிதான் அசல் என்று நினைப்பது

வெளிநாட்டுப் படம் என்றால் அந்த நாட்டு மொழியில் பார்ப்பதுதான் முறை. ஆனால் அறுபது, எழுபதுகளின் இத்தாலியப் படங்களுக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. அங்கே படப்பிடிப்பில் வசனத்தைப் பெரும்பாலும் பதிவு செய்வதில்லை. அமெரிக்க நடிகர் ஆங்கிலத்தில் பேசுவார், எதிரே நிற்பவர் இத்தாலியனில் பதில் சொல்வார், இன்னொருவர் ஜெர்மனில் பேசுவார். பிறகு ஸ்டூடியோவில் எல்லா மொழிக்கும் டப்பிங் நடக்கும். நம் சினிமாவிலும் கதாநாயகி வாயசைக்க வேறொருவர் குரல் கொடுத்ததைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். நமக்கு இது உறுத்தவே கூடாது.

ஆகவே எந்த மொழி என்பதைப் படத்துக்குப் படம் முடிவு செய்யுங்கள். தாரியோ அர்ஜெந்தோவின் ‘சஸ்பீரியா’வை (1977) ஆங்கிலத்தில் பாருங்கள், கதாநாயகி ஜெசிகா ஹார்ப்பரின் சொந்தக் குரல் அதில்தான் இருக்கிறது. அதே இயக்குநரின் ‘டீப் ரெட்’டை (1975) இத்தாலியனில் பாருங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இந்த டப்பிங் பழக்கத்தால் இன்னொரு நன்மையும் விளைந்தது. செட்டில் ஒலிப்பதிவு இல்லாததால் எவ்வளவு சத்தம் இருந்தாலும் கவலையில்லை. ‘சஸ்பீரியா’வுக்காக கோப்ளின் என்ற இத்தாலிய ராக் இசைக்குழு முன்கூட்டியே தயாரித்த இசையை அர்ஜெந்தோ செட்டிலேயே பெரிய சத்தத்தில் ஒலிக்கவிட்டு நடிகர்களை நடக்க வைத்தார். அந்த நடையில் தெரியும் பதற்றம் அப்படி வந்ததுதான்.

வெட்டிய பிரிண்ட்டைப் பார்த்துவிட்டுப் படத்துக்குத் தீர்ப்பு எழுதுவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஒரு தவறான பிரிண்ட் ஒருவரை இந்தப் பக்கமே திரும்பவிடாமல் செய்துவிடும்.

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஓர் இன்ஜினீயரிங் மாணவன் ‘டீப் ரெட்’டை யாரோ கொடுத்த பென் டிரைவில் பார்த்திருந்தான். "கொலை, சத்தமா மியூசிக், மறுபடி கொலை, அவ்வளவுதான் சார் படம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் படத்தை நாங்கள் திரையிட்ட அன்று அவன் பேச்சை நம்பி அவன் நண்பர்கள் யாரும் வரவில்லை. எத்தனை நிமிடம் ஓடியது என்று கேட்டேன். நூறு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் என்றான். விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது.

‘டீப் ரெட்’டின் இத்தாலியப் பிரிண்ட் ஏறக்குறைய 127 நிமிடம். வெளிநாட்டு விற்பனைக்காகச் செய்த ஆங்கிலப் பிரிண்ட் சுமார் 105 நிமிடம். போன இருபது நிமிடங்களில் பெரும்பகுதி, பியானோ கலைஞராக வரும் டேவிட் ஹெமிங்ஸுக்கும் பத்திரிகையாளராக வரும் தாரியா நிக்கொலோதிக்கும் இடையிலான கேலியும் சீண்டலும் காதலும். அவளுடைய சின்ன ஃபியட் காரில் அவன் சீட் மட்டும் கீழே இறங்கிவிட, தலை ஜன்னல் மட்டத்துக்குத் தாழ்ந்துபோய் அவன் உட்கார்ந்து வரும் காட்சி வேறு எந்தத் திகில் படத்திலும் பார்க்க முடியாதது. அந்தச் சிரிப்பில் நாம் தளர்ந்திருக்கும்போதுதான் அர்ஜெந்தோ அடுத்த அடியை வைக்கிறார். இசையும் அப்படித்தான் வேலை செய்கிறது. நெடுநேரம் வெறும் பேச்சும் காலடிச் சத்தமுமாகப் போய்க்கொண்டிருக்கையில் பாஸ் கிட்டாரும் ஆர்கனும் திடீரென்று உள்ளே வந்தால் வயிற்றைப் பிசையும். இடைவெளியை வெட்டிவிட்டால் எல்லா இசையும் ஒன்றன்மேல் ஒன்று விழும். பையன் ‘சத்தம்’ என்று சொன்னது தப்பில்லை. அவன் பார்த்த பிரிண்ட்டில் அது சத்தம்தான்.

இத்தாலியனில் பார்க்கச் சொன்ன காரணமும் இதுதான். வெட்டிய பகுதிகளுக்கு ஆங்கில டப்பிங் கிடையாது. முழுப் படத்தை ஆங்கிலத்தில் போட்டால் பேசிக்கொண்டிருக்கும்போதே வசனம் இத்தாலியனுக்குத் தாவும். டிஸ்க் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

‘டீப் ரெட்’டிலாவது வெட்டியதோடு விட்டார்கள். இயக்குநர் மாரியோ பாவாவின் படங்களுக்கு நடந்தது இதைவிட மோசம். அவருடைய ‘பிளாக் சண்டே’ (1960) படத்துக்கு இசை ரொபெர்த்தோ நிக்கொலோசி. அதை வாங்கிய அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் அந்த இசையை எடுத்துவிட்டு லெஸ் பாக்ஸ்டரை வைத்துப் புது இசை போட்டது. 1963-ல் வந்த ‘பிளாக் சபாத்’ மூன்று கதைகள் கொண்ட படம். அதிலும் இசையை மாற்றினார்கள், கதைகளின் வரிசையைக் கலைத்தார்கள், தொலைபேசிக் கதையில் இரண்டு பெண்களுக்கு இடையில் இருந்த உறவை அழித்துவிட்டு அதைப் பேய்க்கதை ஆக்கினார்கள். இத்தாலியப் பிரிண்ட்டின் கடைசியில் நடிகர் போரிஸ் கார்லோஃப் குதிரை மேல் பாய்ந்து வருவார். கேமரா பின்னால் நகர, அது பொம்மைக் குதிரை என்று தெரியும். படக்குழுவினர் மரக்கிளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பார்கள். அவ்வளவு நேரம் நம்மைப் பயமுறுத்திய மனிதர் தன் வித்தையைத் திறந்து காட்டும் அந்த இடமும் அமெரிக்கப் பிரிண்ட்டில் இல்லை. 1972-ல் வந்த ‘பாரன் பிளட்’டிலும் ஸ்தெல்வியோ சிப்ரியானியின் இசை போய் மறுபடி பாக்ஸ்டர் இசை வந்தது. ‘லிசா அண்ட் தி டெவில்’ படத்தைப் பேயோட்டும் படங்களுக்கு மவுசு வந்த நேரத்தில் பேயோட்டும் காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்து ‘ஹவுஸ் ஆஃப் எக்ஸார்சிசம்’ என்று விற்றார்கள்.

லூச்சியோ ஃபுல்ச்சியின் ‘தி பியாண்ட்’ (1981) அமெரிக்காவில் ‘செவன் டோர்ஸ் ஆஃப் டெத்’ ஆனது. ஃபாபியோ ஃப்ரிட்ஸியின் இசையைக் கழற்றிவிட்டார்கள். அந்தப் படத்தின் உயிரே ஃப்ரிட்ஸியின் பியானோவும் கோரஸும்தான். அவை இல்லாமல் அதைப் பார்த்தவர் ‘வெறும் ரத்தம்’ என்று சொன்னால் அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அர்ஜெந்தோவின் ‘ஃபெனோமினா’ 116 நிமிடம். ‘க்ரீப்பர்ஸ்’ என்ற பெயரில் போனபோது 83 ஆகிவிட்டது.

படத்தைப் போடுவதற்கு முன் செய்ய வேண்டியது எளிது. பெயரைப் பாருங்கள், நிமிடத்தைப் பாருங்கள், டைட்டிலில் இசையமைப்பாளர் யார் என்று பாருங்கள். நிமிடக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பிய டிவிடிகள் நொடிக்கு 24 ஃபிரேம் படத்தை 25 ஆக ஓட்டும். 127 நிமிடப் படம் அதில் 122 நிமிடத்தில் முடியும். அது வெட்டு அல்ல. ஆனால் இசையின் சுருதி அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறியிருக்கும். இசைத்தட்டில் கேட்டுப் பழகிய காதுக்கு உடனே தெரிந்துவிடும். இசைக்காகவே பார்ப்பவர்கள் ப்ளூ-ரேக்குப் போய்விடுவது நல்லது.

கொலையாளி யார் என்று மட்டும் தேடுவது

விடை பல படங்களில் அரைகுறையாகத்தான் இருக்கும். தேடாதீர்கள்.

போன் ஸ்பீக்கரில் பார்ப்பது

‘சஸ்பீரியா’வின் முதல் நிமிடங்களைச் சொல்கிறேன். அமெரிக்காவிலிருந்து ஜெர்மனிக்கு நடனம் கற்க வந்த பெண் விமான நிலையத்தில் வெளிவாசலை நோக்கி நடக்கிறாள். உள்ளே சாதாரண இரைச்சல். தூரத்தில் தானியங்கிக் கண்ணாடிக் கதவு திறக்கிறது. வெளியே மழை, அதோடு கோப்ளினின் அந்த மணியோசை. கதவு மூடுகிறது, இசை நின்றுபோகிறது. அவள் இன்னும் நெருங்குகிறாள். கதவு மறுபடி திறக்கிறது, இசை மறுபடி வருகிறது. கதவை இயக்கும் இயந்திரத்தைக் கூட ஒரு கணம் க்ளோசப்பில் காட்டுகிறார். பிறகு அவள் வாசலைத் தாண்டிவிடுகிறாள். அதற்குப் பிறகு இசை அவளை விடுவதாக இல்லை. சூனியக்காரி என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் வெளியே ஏதோ காத்திருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிட்டது.

போன் ஸ்பீக்கரில் இதெல்லாம் ஒரே மட்டத்தில் கிறீச்சிடும். அந்த இசையில் மணியோசைக்கு அடியில் கிரேக்க பூஸுகி இருக்கிறது, நம் தபலா இருக்கிறது, மூக் சின்தசைசர் இருக்கிறது, குழுவின் கீபோர்டு கலைஞர் க்ளாவ்தியோ சிமொனெத்தியின் கரகரத்த முணுமுணுப்பு இருக்கிறது. நல்ல ஹெட்போனாவது மாட்டிக்கொள்ளுங்கள். கிடைத்தால் 1977-ன் நான்கு தட ஒலிக்கலவை உள்ள டிஸ்க்கை வாங்குங்கள். 2017-ல் வந்த 4கே மீட்புப் பதிப்பில் அது இருக்கிறது.

திரையின் அளவும் முக்கியம். ‘டீப் ரெட்’டின் முதல் கொலை நடந்த வீட்டு நடைவழியில் கொலையாளியின் முகம் நம் கண்முன்னே வந்துபோகிறது. ஹெமிங்ஸ் பார்க்கிறார், நாமும் பார்க்கிறோம், யாருக்கும் பிடிபடுவதில்லை. எங்கே என்று சொல்ல மாட்டேன். உள்ளங்கை அளவுத் திரையில் பார்த்தால் அந்த விளையாட்டே இல்லாமல் போய்விடும். பக்கவாட்டில் நறுக்கிச் சதுரமாக்கிய பழைய டிவி பிரிண்ட் இன்னும் மோசம்.

டிவியை ‘விவிட்’ மோடில் வைப்பது

‘சஸ்பீரியா’வின் சிவப்பும் நீலமும் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கின்றன. ஒளிப்பதிவாளர் லூச்சியானோ தோவொலி வெல்வெட் துணியையும் டிஷ்யூ பேப்பரையும் சட்டத்தில் கட்டி, நடிகர்களின் முகத்துக்கு மிக அருகில் வைத்து, அதன் வழியாக வெளிச்சத்தை விட்டார். டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ வண்ணம்தான் வேண்டும் என்பது அர்ஜெந்தோவின் ஆசை. பிரிண்ட் போட்டது, அப்போது வழக்கொழிந்துகொண்டிருந்த டெக்னிகலர் சாய முறையில். டிவி தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் வண்ணம் ஏற்றினால் முகமே தெரியாமல் சிவப்புத் திட்டாகிவிடும். ‘சினிமா’ மோடுக்கு மாற்றிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். அசைவை வழவழப்பாக்கிக் காட்டும் மோஷன் ஸ்மூத்திங்கையும் மறக்காமல் நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும் ‘ஜல்லோ’ என்பது

‘சஸ்பீரியா’ சூனியக்காரிக் கதை. ஜல்லோ துப்பறியும் கொலைக்கதை.

‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’டில் ஆரம்பிப்பது

வேண்டாம். அதில் விலங்குகளை உண்மையாகவே கொன்றிருக்கிறார்கள். ரிஸ் ஒர்த்தொலானியின் இசை அவ்வளவு இனிமை. அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோப்ளினோடு நின்றுவிடுவது

கோப்ளின் பெரிய குழுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்களுக்கு முன்பே அர்ஜெந்தோவின் முதல் மூன்று படங்களுக்கு என்னியோ மொரிகோனே இசையமைத்துவிட்டார். 1970-ல் வந்த முதல் படத்தில் பாடகி எத்தா தெல்லோர்ஸோவின் குரல் தாலாட்டுப் போலத் தொடங்கி மூச்சிரைப்பாக மாறுவதைக் கேட்டுப் பாருங்கள். ‘டீப் ரெட்’டிலேயே கோப்ளின் தனியாக இல்லை. ஜாஸ் பியானோ கலைஞர் ஜோர்ஜியோ கஸ்லீனிதான் முதலில் அந்த வேலையை ஏற்றார், பாதியில் கோப்ளின் வந்தது. கொலைக்கு முன் ஒலிக்கும் குழந்தைகள் பாட்டு கஸ்லீனியுடையது. பலர் அதையும் கோப்ளின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள், அது நியாயமில்லை.

அர்ஜெந்தோவின் ‘இன்ஃபெர்னோ’வுக்கு (1980) இசை கீத் எமர்சன். ரோம் நகரில் ஓர் இசை வகுப்பில் வெர்தியின் ஓபராவில் வரும் ‘வா பென்சியெரோ’ என்ற கோரஸ் பாட்டு அமைதியாக ஒலிக்கும். சற்று நேரத்தில் அதே மெட்டை எமர்சன் ஐந்து அட்சரத் தாளத்தில் விரட்டுவார், கொட்டும் மழையில் ஒரு டாக்சி ஓடும். வகுப்பில் கேட்ட மெட்டுத்தான் இது என்று பிடிபடும்போது உடம்பு சிலிர்க்கும்.

இசைத்தட்டு வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த இசைகளைப் பின்னாளில் மறுபடி வாசித்துப் பதிவு செய்த ஆல்பங்கள் நிறைய இருக்கின்றன. அட்டையில் பழைய போஸ்டர், உள்ளே புது டிரம்ஸ். பதிவு செய்த ஆண்டைப் பின்னட்டையில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இசையை மட்டும் கேட்டுவிட்டுப் படத்தை விட்டுவிடுவது

ஜஸ்டிஸ் என்ற பிரெஞ்சு எலக்ட்ரானிக் இசைக்குழு 2007-ல் அர்ஜெந்தோவின் ‘டெனெப்ரே’ (1982) இசையை எடுத்து ஒரு டான்ஸ் பாட்டில் சேர்த்தது. அதைக் கேட்டு வரும் இளைஞர்கள் அதிகம். வரட்டும், சந்தோஷம். ஆனால் பலர் பாட்டோடு போய்விடுகிறார்கள். படத்தில் அந்த இசை வரும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டின் வெளிச்சுவரை கேமரா கிரேனில் ஏறித் தடவிக்கொண்டு போகிறது. ஜன்னல், ஓடு, கூரை, மறுபக்கத்து ஜன்னல் என்று ஒரே ஷாட்டாக இரண்டு நிமிடத்துக்கு மேல். வோகோடர் கருவியால் இயந்திரம் போல ஒலிக்கும் குரலோடு இசை அதிர்கிறது. நாம் அதைப் பின்னணி இசை என்றே எடுத்துக்கொள்கிறோம். அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண், சத்தத்தைக் குறை என்று கத்துகிறாள். அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டுதான் அது. இவ்வளவு நேரம் நமக்காக ஒலித்த இசை அவர்கள் காதிலும் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. வெளியே ஊர்ந்தவனின் சத்தம் அவர்களுக்குக் கேட்காமல் போனதும் அதனால்தான்.

இந்தப் படத்தையும் அமெரிக்காவில் வெட்டி, கடைசியில் இசைக்குப் பதில் ஒரு பாப் பாட்டைப் போட்டு வெளியிட்டார்கள். ‘அன்சேன்’ என்ற பெயரில் கிடைத்தால் தொடாதீர்கள்.